கீழ்வீட்டுக்குக் கேட்காத ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் சத்தம் எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள். நான் போனது எந்தப் பெட்டியில் சத்தம் குறைவாக வரும் என்று பார்க்க. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த தமிழ்ச் சனத்துக்குச் சிரிப்பு வராது.

அப்போது நாங்கள் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் மேல்மாடியில் இருந்தோம். நான், என் கணவர், முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்த மகள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு அதற்குள் பல வீடுகள் மாறியிருந்தோம். ஒரு வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்றார். இன்னொருவர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறேன் என்றார். அந்த வீடு இன்றைக்கும் இடிபடாமல் அப்படியே நிற்கிறது. ஒருவர் மட்டும் பொய் சொல்லவில்லை. தமிழ் ஆட்களை வைத்திருந்தால் பொலிஸ் வந்துபோகும், எனக்கு அது தலையிடி என்று முகத்துக்கு நேரே சொன்னார். வீட்டைவிட்டு எழுப்பிவிட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

கொழும்பில் தமிழர் எந்த வீட்டில் இருந்தாலும் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைத்தால்தான் பதிவு. பதிவு இல்லாதவரைச் சுற்றிவளைப்பில் பிடித்தால், எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த அம்மாவின் கையெழுத்தில்தான் எங்கள் மூன்று பேரின் நித்திரையும் இருந்தது. அந்த வீடு கைநழுவிப் போனால் மகளின் பள்ளிக்கூடமும் போகும். இன்னொரு வீடு தேடி அலைய என் கால்களில் தெம்பு இருக்கவில்லை.

அவரை நாங்கள் அன்ரி என்று கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. வீடு தரும்போது படியடியில் நின்று எங்களுக்கு விளங்கட்டும் என்று சிங்களத்தை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வெளியாட்கள் இரவில் தங்கக் கூடாது. சத்தம் கூடாது. இந்த இரண்டும்தான் நிபந்தனை. நான் தலையை ஆட்டிய ஆட்டத்தில் கழுத்து சுளுக்கியிருக்க வேண்டும்.

பழைய காலத்து வீடு. மேல்மாடிக்குப் பலகைத் தளம். விடியற்காலையில் அன்ரியின் றேடியோவில் பிக்குமார் பிரித் ஓதுவது பலகை இடுக்குகளால் எங்கள் பாய்க்கு வரும். கீழே கரண்டி விழுந்தால் அது தேக்கரண்டியா அகப்பையா என்று நான் சொல்வேன். அவருடைய சத்தம் இவ்வளவு மேலே வந்தால் எங்களுடைய சத்தம் எவ்வளவு கீழே போகும்? பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கதிரைக் கால்களுக்கு அடித்தேன். மகளின் ஸ்கிப்பிங் கயிற்றை ஒளித்து வைத்தேன். தேங்காய் துருவுவதைக்கூட அன்ரி சந்தைக்குப் போன நேரம் பார்த்து முடிப்பேன். பிள்ளை தும்மும்போது என்னைப் பார்த்துக்கொண்டுதான் தும்மும்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் அம்ப்ளிஃபயர் வந்து சேர்ந்தது.

சுவிஸில் இருந்த கணவரின் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்ப்ளிஃபயரும் கசற் டெக்கும் கொடுத்து விட்டிருந்தார். ஸ்பீக்கர் பாரம் என்றபடியால் அதைக் கொழும்பிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார். பாதி யானையைக் கொடுத்துவிட்டு மீதியை நீங்களே வாங்குங்கோ என்பது போலத்தான் இருந்தது எனக்கு. என் கணவருக்கோ கடவுளே வந்து இறங்கியது போல. நாதஸ்வரம் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். ஊரை விட்டு வரும்போது எல்லாரும் பானை சட்டி தூக்க, இந்த மனிதர் ஒரு பை நிறையக் கசற் தூக்கிக்கொண்டு வந்தவர். அந்தப் பையில் ஒரு குத்துவிளக்காவது வைத்திருக்கலாம் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

ஸ்பீக்கர் இல்லாமல் அந்தச் செற் அலுமாரிக்குப் பக்கத்தில் ஊமையாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டுப் பின்னேரம் வந்ததும் அவர் அதைத் துடைப்பார். ஒருநாள் நான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கசற்றைப் போட்டுவிட்டு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். சத்தம் எதுவும் இல்லை. அம்ப்ளிஃபயரின் முகத்தில் இரண்டு சின்ன ஊசிகள் மட்டும் பாட்டுக்கு ஏற்றபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவர் அந்த ஊசிகளைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தவில் எந்த இடத்தில் நுழைகிறது என்று ஊசியை வைத்தே கண்டுபிடித்துத் தலையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காதில் போடுகிற ஹெட்போன் வாங்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். காதை அடைத்துக்கொண்டு இருந்தால் கதவில் யாராவது தட்டினால் கேட்காதே என்றார். அந்த நாளில் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நான் வேலை செய்த கந்தோரில் போட்டிருந்த சீட்டு எனக்கு விழுந்திருந்தது. மகளின் சப்பாத்துக்கும் வீட்டு வாடகைக்கும் எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்துக்குள் ஸ்பீக்கர் என்று சொல்லிவிட்டேன். ஆனால் தெரிவு செய்யும்போது நானும் வருவேன் என்றேன். அவரைத் தனியே விட்டால் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாயை வாங்கிக்கொண்டு வரக்கூடிய ஆள்.

அவர் தனியே வரவும் இல்லை. அவரோடு வேலை செய்யும் கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கத்தோலிக்கர், மாதா கோயில் பெருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டுவது அவருக்குப் பக்கத் தொழில். நல்ல மனிதர்தான், ஆனால் குரலைக் குறைத்துப் பேசத் தெரியாது. பஸ்ஸுக்குள் தமிழில் அவர் பேசப் பேச நான் யன்னல் பக்கம் திரும்பி எனக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி இருந்தேன். அவருடைய சோதனை ஒன்றே ஒன்றுதான்.

"நெஞ்சுல வந்து இடிக்கணும் மச்சான். இடிக்கல்லன்னா அது ஸ்பீக்கரே இல்ல."

நெஞ்சில் இடிக்கிறது பலகையில் இடிக்காமல் விடுமா? என் நெஞ்சு அப்போதே இடிக்கத் தொடங்கிவிட்டது.

முதலில் காலி வீதியில் ஒரு பெரிய கடைக்குள் போனோம். குளிராக இருந்தது. விலைச்சீட்டைப் பார்த்ததும் இன்னும் குளிர்ந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தோம். பிறகு பாமன்கடையில் ஒரு வீடு. கனடாவுக்குப் போகிற குடும்பம், வீட்டுச் சாமான் முழுவதையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷங்களில் வெள்ளவத்தைப் பக்கத்தில் கிழமைக்கு ஒரு வீடு இப்படிக் காலியாகும். ஸ்பீக்கர் இரண்டும் என் இடுப்பளவு உயரம். விலையோ எங்கள் காசுக்குள் அடங்கியது. கொட்டாஞ்சேனை நண்பர் அவற்றைக் கட்டிப்பிடிக்காத குறை. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் மகள் ஐஸ்கிறீம் கேட்கும்போது பார்க்கிற பார்வை இருந்தது.

நான் பில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. எப்போதோ வாங்கியது, பில் எங்கே இருக்கப் போகிறது என்றார் அந்த வீட்டு அம்மா. பில் இல்லாத இரண்டு பெரிய பெட்டிகளோடு சோதனைச் சாவடியில் நின்று, இது எங்கே எடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? விற்றவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள் என்றா? ஒரு சட்டி வாங்கினாலும் அதன் பில்லை அடையாள அட்டையோடும் பொலிஸ் பதிவுத் துண்டோடும் சேர்த்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். வேண்டாம் என்றேன். உண்மையில் பில் இருந்திருந்தாலும் வேறு காரணம் கண்டுபிடித்திருப்பேன். அந்த உயரத்தைப் பார்த்ததுமே எனக்கு அன்ரியின் முகம்தான் தெரிந்தது.

கடைசியில் மருதானை. அங்கே உள்ளூரில் பெட்டி அடித்து, வெளிநாட்டு ஸ்பீக்கரைப் பூட்டி விற்கிற கடைகள் இருந்தன. பசையும் மரத்தூளும் மணக்கிற ஒரு சின்னக் கடைக்குள் போனோம். சிங்களக் கடைக்காரர், சிரித்த முகம். எங்கள் காசுக்குள் அடங்குகிற மூன்று சோடி எடுத்து வைத்தார். சின்னது, நடுத்தரம், பெரியது. என் கணவர் தன் கசற் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தமிழ்க் கசற் வேண்டாம், கடைக்காரரின் சிங்களப் பாட்டே போதும் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் கசற்றைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார்.

கடைக்காரர் சத்தத்தைத் திருகினார். கொட்டாஞ்சேனை நண்பர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கடைக்குப் பின்னால் பெட்டி அடிக்கிற இடத்தை ஒரு பலகைத் தடுப்பு மறைத்திருந்தது. நான் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பலகையில் காதை வைத்தேன். எங்கள் வீட்டுத் தளத்தைப் போலவே பலகை. இங்கே கேட்பதுதான் அன்ரிக்குக் கேட்கும். ஒவ்வொரு சோடியாகப் போடச் சொன்னேன். கணவர் முன்னால் இருந்து கேட்டார், நான் பின்னால் நின்று கேட்டேன். அவர் நல்லது நல்லது என்று சொன்ன ஒவ்வொன்றையும் நான் கூடாது கூடாது என்றேன். நோனாவுக்குத் தலை சுற்றுகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டாராம்.

சின்னச் சோடி பலகைக்குப் பின்னால் கேட்கவே இல்லை. எனக்குப் பரம திருப்தி. முன்னால் வந்து அதையே எடுப்போம் என்றேன். கணவர் பொக்கற்றுக்குள் இருந்த கசற்றைத் தடவினார். தகரப் பேணிக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று நண்பர்தான் சொன்னார். நானும் முன்னால் நின்று கேட்டேன். வண்டுதான். ஊசிகளைப் பார்த்துத் தாளம் போட்ட மனிதருக்கு இதை வாங்கிக் கொடுப்பதற்கு ஒன்றும் வாங்காமலே விடலாம்.

அப்போது கடைக்காரர் நடுத்தரப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி உள்ளே காட்டினார். பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சு குறைந்தால் பெட்டி குமுறும், கூடினால் சத்தம் அமுங்கிப் போகும், அளவாக வைத்திருக்கிறேன் என்று பெருமையாக விளக்கினார். என் கணவரும் நண்பரும் அளவு என்ற சொல்லைக் கேட்டார்கள். நான் கேட்டது அமுங்கும் என்ற சொல்லை. நடுத்தரத்தையே எடுப்போம் என்றேன். மனைவி இவ்வளவு கெதியில் இறங்கி வந்ததை என் கணவர் நம்ப முடியாமல் பார்த்தார்.

பில்லை எழுதி வாங்கினோம். அட்டைப்பெட்டியில் கட்ட வேண்டாம் என்றோம். கட்டினால் சாவடியில் அவிழ்க்க வேண்டும். வெறும் பெட்டியாகவே ஓட்டோவில் ஏற்றினோம். வழியில் மறித்தார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன் அடையாள அட்டையைப் பார்த்தான், பதிவுத் துண்டைப் பார்த்தான், பில்லைப் பார்த்தான், பிறகு பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தான். என் கணவர் சிரிக்க முயன்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை. போகச் சொன்னான். வெள்ளவத்தை வரும்வரை பில்லை நான் கையிலேயே பிடித்திருந்தேன்.

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புமுன் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். வரும்போதே பைக்குள் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு கொண்டுவந்திருந்தேன். அதைப் போட்டு இரண்டு பெட்டிகளையும் மூடினேன். புதுச் சாமான் வருகிறது என்று ஒழுங்கைக்குத் தெரிந்தால் வெளிநாட்டுக் காசு வருகிறது என்பார்கள். அது அன்ரியின் காதுக்குப் போகும். வாடகை ஏறும், அல்லது சத்தம் வரப்போகிறது என்று இன்றைக்கே எழும்பச் சொல்லுவார். பின்னேரம் மங்குகிற நேரம், வெளிப்படியால், விரிப்புப் போர்த்த பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூச்சு வாங்க வாங்க ஏற்றினோம். முன்வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. நான் கவனிக்காத மாதிரி ஏறினேன்.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனதும் நான் ஸ்குரூட்ரைவரை எடுத்தேன். கந்தோருக்கு லீவு போட்டிருந்தேன். பின்பலகையைக் கழற்றி, என் பழைய நூல் சீலைகளை மடித்து மடித்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் திணித்தேன். கையால் அமத்தி இன்னும் ஒன்றைத் திணித்தேன். திரும்பப் பூட்டி, பெட்டிகளுக்குக் கீழே தலையணை வைத்தேன். தரைக் குளிர் பெட்டிக்கு நல்லதில்லை என்று அவரிடம் சொன்னேன். இன்றைக்கும் அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். வீடு இல்லாத மனிதருக்கு நாதஸ்வரம் எதற்கு?

அன்று பின்னேரம் அவர் குளித்து, வேட்டி மாற்றி, கசற்றைப் போட்டார். நாதஸ்வரம் போர்வைக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி வந்தது. தவில் தூரத்தில் யாரோ மா இடிக்கிற மாதிரி. அவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். நான் ஓடிப்போய்க் குறைத்தேன். கடையிலே இப்படி இருக்கவில்லையே என்றார். கடையில் கூரை உயரம் என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தப் பதில் வந்ததோ தெரியாது.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாடு. வயர் மாற்றினார். டெக்கின் தலையை ஸ்பிரிற் தொட்ட பஞ்சால் துடைத்தார். பெட்டிகளை மூலைக்கு மூலை நகர்த்தினார். கடைசியில், என் காதிலதான் ஏதோ பிழை போல என்று ஒருநாள் சொன்னார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுவோமா என்று கேட்டபோது மட்டும், திரும்பவும் சாவடியா என்றேன். அவர் விட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லால் எதையும் நிறுத்தலாம் அந்த நாளில்.

அன்ரியோ படியில் கண்டால் சிரித்தார். நீங்கள் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று ஒருநாள் என் கையைப் பிடித்துச் சொன்னார். எனக்குச் சீலைகளை நினைத்து உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொலிஸ் வந்தது. சுற்றிவளைப்பு இல்லை, எங்கள் வீட்டுக்கு மட்டும். ஒரு அதிகாரி, அவருக்குப் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் அன்ரி. மகள் என் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். துணியால் மூடி இரண்டு பாரமான பெட்டிகளை இருட்டும் நேரத்தில் மேலே ஏற்றினீர்களாம். அவற்றில் என்ன?

"ஸ்பீக்கர் மாத்தயா, ஸ்பீக்கர்" என்றார் என் கணவர். அவருக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நேரம் எங்கேயோ போய்விட்டது.

அதிகாரி பெட்டிகளைப் பார்த்தார். பாட்டுப் பெட்டி வாங்கினால் பாட்டுக் கேட்க வேண்டுமே, இந்த ஒழுங்கையில் ஒருவரும் இந்த வீட்டிலிருந்து பாட்டுக் கேட்டதில்லையாமே என்றார். பிறகு அன்ரியிடம் திரும்பி, கீழே இருக்கிறீர்களே, உங்களுக்குக் கேட்டதா என்றார்.

அன்ரிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒருநாளும் இல்லை என்றார். ஒரு சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, காலடிச் சத்தம்கூடக் கேட்காது என்றார். அவர் அதை எங்களுக்கு நற்சாட்சியாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டு போகும்போதே அவருடைய முகம் மாறியது. அது எப்படி ஒன்றுமே கேட்காமல் இருக்கும் என்று அவருக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஸ்பீக்கர் வாங்கியதை எனக்கு ஏன் மறைத்தீர்கள் என்று அந்த முகம் என்னைக் கேட்டது.

பின்பலகையைக் கழற்றச் சொன்னார்கள். என் கணவர் ஓடிப்போய் ஸ்குரூட்ரைவர் கொண்டுவந்தார். அவருக்குப் பயம் குறைந்துவிட்டது. உள்ளே பஞ்சுதானே என்று நம்பிக்கொண்டிருந்தார். பலகை கழன்றது. உள்ளேயிருந்து என் நாவல் நிறச் சீலை பிதுங்கி வெளியே வந்தது. பொலிஸ்காரர் இருவரும் ஒரு அடி பின்னால் போனார்கள். ஒருவர் தோளில் கிடந்த துவக்கைப் பிடித்தார். அதிகாரி மெதுவாக ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். நாவல் நிறம், பிறகு மஞ்சள், பிறகு கரை கிழிந்த பச்சை. சீலை வர வர முடிவதாக இல்லை. இரண்டு பெட்டியிலும் இருந்த எல்லாவற்றையும் உதறிப் பார்த்தார்கள். அதற்குள் ஒன்றுமில்லை.

என் கணவர் சீலைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வயர் மாற்றியதும் பெட்டி நகர்த்தியதும் காதில் பிழை என்று சொன்னதும் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. பொலிஸ்காரரைவிட அந்தப் பார்வைக்குத்தான் நான் அந்த நேரம் பயந்தேன்.

இது எதற்கு என்று அதிகாரி என்னைக் கேட்டார். எனக்குச் சிங்களம் கந்தோர் வேலைக்குப் போதுமான அளவு வரும். அன்ரிக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று வைத்தேன் என்றேன். கேட்டால் எங்களை எழுப்பிவிடுவார் என்று பயம் என்றேன். எழுப்பினால் போக இடமில்லை என்றும் சொன்னேன். அன்ரி நிலத்தைப் பார்த்தார்.

அதிகாரி கையிலிருந்த சீலையைக் கதிரையில் போட்டார். பிறகு போடு பார்ப்போம் என்றார். என் கணவர் பலகைகளைத் திரும்பப் பூட்டி, வயரைக் கொழுவி, பொத்தானை அமத்தி, சத்தத்தை முதல் கோட்டில் வைத்தார். அதிகாரி குனிந்து தானே திருகினார்.

அந்த நாதஸ்வரத்தை நான் மறக்கமாட்டேன். வீடு நிறைந்தது. தவில் விழுந்தபோது பலகை உதறியது. அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. கொட்டாஞ்சேனை நண்பர் சொன்னது சரிதான், நெஞ்சில் வந்து இடித்தது. ஒழுங்கை முழுக்கக் கேட்டது. மதில்களுக்கு மேலால் தலைகள் வந்தன. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

கல்யாண வீட்டு மேளம்தானே இது என்று கேட்டு அதிகாரி சத்தத்தைக் குறைத்தார். இந்த ஆட்களுக்கு நீங்கள் பொறுப்பா என்று அன்ரியிடம் கேட்டார். அன்ரி தொண்டையைச் செருமிய அந்தச் சின்ன நேரத்துக்குள் நான் மனதில் பானை சட்டிகளைக் கட்டி, மகளின் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி, இன்னொரு வீட்டுப் படியில் நின்று தலையாட்டியாகிவிட்டது. பிறகு அவர் பொறுப்பு என்றார்.

அவர்கள் போனபின் அன்ரி எங்கள் கதிரையில் இருந்தார். கதிரைக் கால்களில் இருந்த செருப்புத் துண்டுகளைப் பார்த்தார். சத்தம் கூடாது என்று நான் சொன்னது குடித்துவிட்டுச் சண்டை பிடிக்கிற ஆட்களுக்கு என்றார். நீங்கள் இவ்வளவு அமைதியாக இருந்தால் என்ன செய்கிறீர்கள் என்று ஊர் என்னைத்தான் கேட்கிறது என்றார். எழும்பும்போது, சிங்களத்தை வழக்கம் போல மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இனி ஒவ்வொரு பின்னேரமும் இதைப் போடுங்கள். எனக்குக் கீழே கேட்க வேண்டும். ஒழுங்கைக்கும் கேட்க வேண்டும்.

வீடு தப்பியது. நான் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். கணவர் சீலைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவற்றைத் தோய்த்து மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அன்று பின்னேரம் நாதஸ்வரம் முழுச் சத்தத்தில் போனது. அடுத்த நாளும் போனது. எனக்கு உதறல் எடுத்தாலும் போகட்டும் என்று விட்டேன்.

முதலில் சில நாட்கள் அவர் முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். பிறகு கசற்றைப் போட்டுவிட்டு வெளிப்படியில் போய் நின்று ஒழுங்கையைப் பார்க்கத் தொடங்கினார். முன்வீட்டு மதிலில் தலை தெரிகிறதா, அவர்களுக்குக் கேட்கிறதா என்று பார்ப்பார். கேட்கிறது என்று தெரிந்தால் கசற் முடியும்வரை அங்கேயே நிற்பார். தாளம் போடுவதில்லை. கந்தோரில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிற மாதிரி, போட வேண்டிய நேரத்துக்குப் போட்டுவிட்டு, முடிந்ததும் நிறுத்துவார். வேலையால் வரப் பிந்தினால் பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடி வருவார். அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நானே போட்டேன். எங்கோ குண்டு வெடித்து நகரமே கதவைச் சாத்தியிருந்த ஒருநாள், இன்றைக்குப் போடுவதா விடுவதா என்று தெரியாமல் இருவரும் அந்தச் செற்றுக்கு முன்னால் நின்றோம். போட்டால் கொண்டாடுகிறார்கள் என்பார்கள், போடாவிட்டால் என்ன செய்கிறார்கள் என்பார்கள். அன்ரி கீழேயிருந்து குரல் கொடுத்து, இன்றைக்கு வேண்டாம் என்ற பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம். கசற் ஓடிக்கொண்டிருந்தது. தவில் பலகையை உதறிக்கொண்டிருந்தது. அவர் வெளிப்படியிலிருந்து உள்ளே வந்து, குசினி வாசலில் சாய்ந்து நின்றார். சத்தத்துக்கு மேலால் கேட்கட்டும் என்று கிட்ட வந்துதான் சொன்னார். கோபமில்லாத குரல்.

"இஞ்ச பாரும். அந்தச் சீலையளை எங்க வைச்சிருக்கிறீர்?"

"ஏன்?"

"திரும்ப வைக்கேலாதோ? அப்பவெண்டால் எனக்கு மட்டும் கேட்டது."

அலுமாரியின் அடித்தட்டில் அவை இருந்தன. நான் சொல்லவில்லை. கீழே கேட்காவிட்டால் அன்ரி என்ன நினைப்பார் என்று கேட்டேன். அவர் ஓம் என்று சொல்லித் திரும்பவும் வெளிப்படிக்குப் போனார். கசற் முடிந்ததும் நான்தான் போய் மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.